பிரைமரியில் யார் ஜெயிப்பார்? டெலிகேட் கணக்கு போடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2008 மே 13. மேற்கு வர்ஜீனியாவில் ஹிலாரி கிளிண்டனுக்கு 67 சதவீதம், பராக் ஒபாமாவுக்கு 26. அடித்துத் துவைத்த வெற்றி. ஆனால் அன்று இரவு ஹிலாரியின் நிலைமை, காலையில் இருந்ததைவிட மோசமாகிவிட்டது. இது எப்படி என்று புரிந்துகொண்டால் அமெரிக்கக் கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடத்தும் ஓட்டெடுப்பான பிரைமரி உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒபாமாவும் ஹிலாரியும் மோதிய 2008 ஜனநாயகக் கட்சிப் போட்டியைத்தான் இதில் பாடமாக வைத்துக்கொள்ளப் போகிறேன். ஜனவரி 3-ல் தொடங்கி ஜூன் 3 வரை இழுத்த போட்டி அது. ஒரு பிரைமரியில் என்னென்ன சிக்கல் வரலாம் என்று யோசிப்பீர்களோ, அத்தனையும் அதில் வந்தது.

படி 1: கருத்துக்கணிப்பை மூடுங்கள், விதிப்புத்தகத்தைத் திறங்கள்

ரேஸுக்குப் போகிறவர்கள் குதிரையின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுவதில்லை. ஓட்டம் எத்தனை மீட்டர், மைதானம் ஈரமா, முதுகில் எவ்வளவு எடை, எல்லாம் பார்ப்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது விதிகள்.

அடிப்படை எளிது. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் போடும் மொத்த ஓட்டு அல்ல. கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளான டெலிகேட்டுகள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் யார் பக்கமோ அவரே வேட்பாளர். 2008-ல் ஜனநாயகக் கட்சியில் இலக்கு முதலில் 2,025 ஆக இருந்தது. கடைசியில் 2,118 ஆனது. இலக்கே நடுவில் மாறியது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தாளில் மாநிலத்துக்கு ஒரு வரி போடுங்கள். தேதி, மொத்த டெலிகேட், பிரைமரியா காக்கஸா (கூடி உட்கார்ந்து ஆதரவு காட்டும் கூட்டம், படி 4-ல் வருகிறது), கட்சி உறுப்பினர் மட்டுமா எல்லோரும் ஓட்டுப் போடலாமா, குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் வாங்கினால் கணக்கில் சேர்ப்பார்கள். இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள், யாரும் ஆரூடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்ப்பதில்லை. ஒபாமா தரப்பில் டெலிகேட் கணக்குக்கென்றே ஜெஃப் பெர்மன் என்று ஒருவர் இருந்தார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர். அந்தத் தரப்பு பணத்தையும் ஆளையும் எங்கே அனுப்பியது என்று பார்த்தால் அவருடைய வேலையின் தடம் தெரியும்.

படி 2: மாநிலத்தை விடுங்கள், தொகுதியைப் பாருங்கள்

இங்கேதான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஜனநாயகக் கட்சியில் "ஜெயித்தவருக்கே எல்லாம்" கிடையாது. ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப டெலிகேட். 15 சதவீதம் தொடாதவருக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பங்கீடு மாநில அளவில் ஒரு முறையும், ஒவ்வொரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியிலும் தனித்தனியாகவும் நடக்கும். பெரும்பாலான டெலிகேட்டுகள் தொகுதியிலிருந்துதான் வருகிறார்கள்.

ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட் என்று வையுங்கள். இரண்டு பேர் போட்டி. ஒருவர் 55 சதவீதம் வாங்கினால்? 2-2. 60 வாங்கினால்? அப்போதும் 2-2. 62.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் 3-1 ஆகும். 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தும் ஒரு டெலிகேட்கூட லாபம் இல்லை! 6 டெலிகேட் உள்ள தொகுதியில் 58.3 தாண்ட வேண்டும்.

அதே சமயம் 3 டெலிகேட் தொகுதியில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் 2-1. ஆனால் மூன்றையும் அள்ள 83 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 5 டெலிகேட் என்றால் பாதியைத் தாண்டினால் 3-2, 70-ஐத் தொட்டால் 4-1.

ஆக, இரட்டைப்படைத் தொகுதியில் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் வீண். ஒற்றைப்படைத் தொகுதியில் இழுபறி இருந்தால் அங்கே ஒவ்வொரு ஓட்டும் தங்கம். 2008 ஜனவரி 19-ல் நெவாடாவில் இதுதான் நடந்தது. ஹிலாரி 51-45 என்று முன்னால் வந்தார், செய்திகளில் அவர்தான் வெற்றியாளர். டெலிகேட் கணக்கில் ஒபாமா 13, ஹிலாரி 12. லாஸ் வேகஸ் பக்கம் ஹிலாரி வாங்கிய முன்னிலை இரட்டைப்படைப் பங்கீட்டில் கரைந்துபோனது. ஆள் குறைவான வடக்கு நெவாடாவில் ஒபாமாவுக்கு அந்த ஒற்றை டெலிகேட் கிடைத்துவிட்டது.

டெக்சஸ் இன்னும் வேடிக்கை. அங்கே காங்கிரஸ் தொகுதிக்குப் பதில் மாநில செனட்டின் 31 தொகுதிகள் அடிப்படையில் பங்கு. முந்தைய தேர்தல்களில் ஜனநாயகக் கட்சிக்கு எங்கே அதிகம் ஓட்டு விழுந்ததோ அந்தத் தொகுதிக்கு அதிக டெலிகேட். ஆஸ்டின் பக்கத்துத் தொகுதிக்கு 8. ஹிலாரியின் கோட்டையான எல்லையோர லத்தீனோ தொகுதிகள் பலவற்றுக்கு 3, 4 என்றுதான் வந்தது. போன தடவை ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்ததற்குக் கட்சி கொடுத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாளில் செய்ய வேண்டியது: மாநிலத்தின் கீழே தொகுதிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை டெலிகேட், எந்தச் சதவீதத்தில் எண் மாறும் என்று எழுதுங்கள். இந்த வேலை அலுப்பு. நானும் முதல் தடவை பத்து மாநிலத்தோடு நிறுத்திவிட்டு மீதிக்கு மாநில சதவீதத்தை அப்படியே பெருக்கிப் போட்டேன். அந்தச் சோம்பலில்தான் தப்பும் வந்தது.

படி 3: யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கணக்கிடுங்கள்

தொகுதி தயார். இனி சதவீதம் வேண்டும். உடனே கருத்துக்கணிப்புக்குத்தான் கை போகும். போகட்டும், ஆனால் 2008 ஜனவரி 8-ஐ நினைவில் வையுங்கள். ஐயோவாவில் ஒபாமா ஜெயித்து ஐந்தே நாள். நியூ ஹாம்ப்ஷயரில் கணிப்புகளின் சராசரி ஒபாமாவுக்கு எட்டுப் புள்ளி அளவில் முன்னிலை காட்டியது. ஜெயித்தது ஹிலாரி, 39-36. பொதுத்தேர்தலில் கட்சிப் பாசம் என்று ஒரு நங்கூரம் உண்டு. பிரைமரியில் இருவரும் ஒரே கட்சி, கொள்கையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஓட்டுச்சாவடி வாசல் வரை மனம் மாறலாம்.

இதற்கு மாற்றாக ஒன்று உண்டு: ஏற்கெனவே ஓட்டுப்போட்ட மாநிலங்களின் முடிவை எடுத்து, எந்தச் சமூகப் பிரிவு யார் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். கறுப்பின வாக்காளர், லத்தீனோக்கள், கல்லூரிப் படிப்பு உள்ள வெள்ளையர், படிப்பு இல்லாத வெள்ளையர், முதியவர், இளைஞர். அதே விகிதத்தை அடுத்த மாநிலத்தின் மக்கள்தொகையில் பொருத்துங்கள். 2008 மே மாதம் வட கரோலினா, இந்தியானா இரண்டிலும் இப்படிக் கணக்குப் போட்டவர், புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பேஸ்பால் புள்ளிவிவரக்காரர். கருத்துக்கணிப்புகளைவிட அவர் சொன்னதுதான் முடிவுக்கு நெருக்கமாக வந்தது. பிற்பாடு அவர் பெயர் நேட் சில்வர் என்று உலகத்துக்கே தெரிந்தது.

இந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும்? மார்ச் 4-ல் ஒஹாயோவில் ஹிலாரி 53-45. ஏழு வாரம் கழித்து ஏப்ரல் 22-ல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 54.6-45.4. அந்த ஏழு வாரத்தில் ஒபாமாவின் பாதிரியார் ஜெரமையா ரைட் விவகாரம் வெடித்தது. சிற்றூர் மக்களைப் பற்றி ஒபாமா பேசிய பேச்சு வெளியாகிப் பெரிய ரகளை ஆனது. விவாத மேடை, கோடிக்கணக்கில் விளம்பரம், எல்லாம் நடந்தது. ஒரே மாதிரி மக்கள், கிட்டத்தட்ட ஒரே மாதிரி முடிவு. அன்றைய தலைப்புச் செய்தியைப் பார்த்து உங்கள் எண்ணை மாற்றக் கை துடிக்கும்போது இந்த இரண்டு மாநிலங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காக்கஸைத் தனியாகக் கையாளுங்கள்

பிரைமரி என்றால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். காக்கஸ் என்றால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கோ சமூகக்கூடத்துக்கோ போய், மணிக்கணக்கில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் முன்னால் யார் பக்கம் என்று காட்ட வேண்டும். இரவு ஷிப்ட் வேலைக்காரர், கைக்குழந்தை உள்ளவர், வயதானவர் வர மாட்டார்கள். வெறி பிடித்த ஆதரவாளர் வருவார். அவர்களைக் கூட்டிவர அமைப்பு உள்ள வேட்பாளருக்குக் கொள்ளை லாபம்.

எவ்வளவு லாபம் என்பதற்கு வாஷிங்டன் மாநிலம் ஒரு சோதனைச்சாலை. 2008 பிப்ரவரி 9 காக்கஸில் ஒபாமாவுக்கு 68-31. பத்து நாள் கழித்து அதே மாநிலத்தில், டெலிகேட் எதுவும் தராத ஒரு சும்மா பிரைமரி நடந்தது. அதில் ஒபாமாவுக்கு 51-46. அதே மக்கள், அதே மாதம்.

இதையும் இரண்டாவது படியையும் சேர்த்துப் பார்த்தால், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட பிப்ரவரி 5 சூப்பர் செவ்வாயின் ரகசியம் விளங்கும். நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு. ஹிலாரி பத்துப் புள்ளியில் ஜெயித்தார், டெலிகேட் 59-48, லாபம் 11. ஐடஹோவில் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர். ஒபாமாவுக்கு 80 சதவீதத்தை ஒட்டி, டெலிகேட் 15-3, லாபம் 12. ஐடஹோ, நியூ ஜெர்சியை முழுங்கிவிட்டது. ஹிலாரி தரப்பு பெரிய மாநிலங்களில் நேரத்தைச் செலவழித்தது. ஐடஹோ மாதிரி இடங்களை ஏறக்குறைய ஒபாமாவுக்கே விட்டுக்கொடுத்தது. என் கணிப்பில் அந்தப் போட்டி தோற்றது அங்கேதான். பின்னால் நடந்ததெல்லாம் அந்தக் கடனுக்கு வட்டி.

டெக்சஸில் இரண்டும் உண்டு: பகலில் பிரைமரி, இரவில் காக்கஸ். பிரைமரியில் ஹிலாரி 65-61, காக்கஸில் ஒபாமா 38-29. கூட்டினால் ஒபாமா 99, ஹிலாரி 94. டெக்சஸை ஜெயித்தது ஹிலாரி என்றுதான் இன்றுவரை பலர் சொல்கிறார்கள்.

படி 5: "மீதியில் எவ்வளவு வேண்டும்?"

ஒரே ஒரு சூத்திரம் மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பின்தங்கியிருப்பவர் எத்தனை டெலிகேட் பின்னால் இருக்கிறார் என்பதை, இன்னும் மீதியிருக்கும் டெலிகேட்டோடு கூட்டுங்கள். இரண்டால் வகுங்கள். வந்த எண்தான் அவர் மீதியில் வாங்கியாக வேண்டியது. அதை மீதியால் வகுத்தால் சதவீதம்.

மார்ச் 11-ல் மிசிசிப்பி முடிந்தபோது ஒபாமாவின் முன்னிலை சுமார் 160 என்று வைத்துக்கொள்வோம். மீதி 566. கூட்டினால் 726, பாதி 363. அதாவது மீதியில் 64 சதவீதம் ஹிலாரிக்கு வேண்டும்.

ஆறு வாரம் இடைவெளி. பென்சில்வேனியா. ஹிலாரி ஜெயித்தார், 85-73. முன்னிலை 148-ஆகக் குறைந்தது. ஆனால் மீதியும் 408-ஆகச் சுருங்கிவிட்டது. கணக்கைப் போடுங்கள்: 278. மீதியில் 68 சதவீதம்! ஒன்பது புள்ளி வெற்றிக்குப் பின் தேவை நாலு புள்ளி ஏறிவிட்டது. தேவைப்பட்ட 64-க்குப் பதில் அவர் 54 சதவீத டெலிகேட்தான் எடுத்தார், அவ்வளவுதான் விஷயம்.

இடையில் குவாமில் 2-2. மே 6-ல் இந்தியானாவில் ஹிலாரி 38-34, வட கரோலினாவில் ஒபாமா 67-48. முன்னிலை 163, மீதி 217. தேவை 88 சதவீதம். அடுத்த வாரம் மேற்கு வர்ஜீனியாவில் 41 புள்ளி வித்தியாசத்தில் வென்று 20-8 எடுத்தார். முன்னிலை 151, மீதி 189, தேவை 170. அதாவது 90 சதவீதம். முதல் பத்தியில் சொன்னது இதைத்தான். நம் ஊர் கிரிக்கெட் ரசிகனுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஓவருக்கு 15 வேண்டிய இடத்தில் 12 அடித்தால் கைதட்டல் கிடைக்கும், தேவைப்படும் ரன் ரேட் ஏறும்.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. மீதியுள்ள மாநிலங்களின் தன்மையைப் பார்க்காமல் இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். பிப்ரவரி 5-க்குப் பிறகு ஒபாமா வரிசையாக 11 போட்டிகளில் ஜெயித்தார். "அலை" என்றார்கள். ஆனால் அந்த மாத அட்டவணையே அவருக்குச் சாதகமான இடங்களாக அமைந்திருந்தது. அவருடைய அணி தயாரித்த கணிப்புத் தாள் ஒன்று சூப்பர் செவ்வாய் முடிந்ததுமே கைதவறிப் பத்திரிகையாளரிடம் போய்விட்டது. மெயின் மாநிலத்தில் தோற்போம் என்று அதில் போட்டிருந்தார்கள், அங்கே ஜெயித்தார்கள். ஆனாலும் பெரும்பாலான மாநிலங்களில் யார் ஜெயிப்பார் என்பதை நான்கு மாதம் முன்னாலேயே சரியாக எழுதியிருந்தார்கள். அலை இருந்தால் அப்படி எழுத முடியாது.

படி 6: கட்டுப்படாதவர்களும் வழக்கில் உள்ளவர்களும்

எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் என்று சுமார் 800 சூப்பர் டெலிகேட்டுகள் அப்போது யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். ஆண்டு தொடக்கத்தில் அவர்களில் ஹிலாரிக்குப் பெரிய முன்னிலை. பல ஊடகங்கள் அதை அப்படியே மொத்தத்தில் கூட்டி, முதல் ஓட்டு விழும் முன்பே ஹிலாரியை முன்னால் காட்டின. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சூப்பர் டெலிகேட்டின் வாக்குறுதி பென்சிலில் எழுதியது. அவர்களும் அரசியல்வாதிகள், காற்றடிக்கும் திசை பார்ப்பார்கள். தன் தொகுதி மக்கள் ஒபாமா பக்கம் போனதும் ஜார்ஜியா எம்.பி. ஜான் லூயிஸ் பிப்ரவரி கடைசியில் ஹிலாரியை விட்டு அந்தப் பக்கம் போனார். மே மாதத்தில் இந்தக் கணக்கிலும் ஒபாமா முந்திவிட்டார். 2018-ல் விதியை மாற்றினார்கள். முடிவு இழுபறியில் இருந்தால் முதல் சுற்றில் அவர்கள் ஓட்டுப் போட முடியாது. அதனால் 2020-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 3,979 பேரில் 1,991 என்பதுதான் இலக்கு.

"தேர்ந்தெடுக்கப்பட்ட" டெலிகேட்டும் இரும்புச் சங்கிலி அல்ல. 2024 ஜூலை 21-ல் ஜோ பைடன் விலகியதும் அவருக்காகத் தேர்வானவர்கள் கமலா ஹாரிஸ் பக்கம் போனார்கள். 2020 போட்டியில் முதல் ஓட்டு விழும் முன்பே, 2019 டிசம்பரிலேயே, ஒதுங்கியவர் அவர். அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததைப் பார்த்த நமக்கு அவர் எந்தப் பிரைமரியில் ஜெயித்து வேட்பாளர் ஆனார் என்று கேட்கத் தோன்றும். 2024 பிரைமரி ஓட்டுச்சீட்டில் அதிபர் வேட்பாளராக அவர் பெயரே இல்லை. மாநாட்டு டெலிகேட்டுகள் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு வழக்கு. 2008-ல் மிச்சிகனும் புளோரிடாவும் கட்சி விதித்த தேதிக்கு முன்னால் பிரைமரி வைத்தன. கட்சி அவற்றின் டெலிகேட் அனைத்தையும் பறித்தது. மிச்சிகனில் ஒபாமா தன் பெயரையே எடுத்துவிட்டார். ஹிலாரிக்கு 55 சதவீதம், "யாருக்கும் இல்லை" என்பதற்கு 40. இதைச் சேர்த்தால் மொத்த ஓட்டில் ஹிலாரி முன்னால் என்று வாதாடலாம், சேர்க்காவிட்டால் முடியாது. மே 31-ல் கட்சியின் விதிக் குழு கூடி, ஆளுக்கு அரை ஓட்டு என்று முடித்தது. மிச்சிகனில் ஹிலாரிக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்தார்கள். இலக்கு 2,118 ஆனது இதனால்தான். இப்படி வழக்கு இருக்கும் ஆண்டில் தாளில் இரண்டு பத்தி வையுங்கள்: சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. எந்தப் பத்தியில் பார்த்தாலும் ஒரே ஆள் முன்னால் இருந்தால் சண்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படி 7: குடியரசுக் கட்சிக்கு வேறு தாள்

மேலே சொன்னதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோனால் மொத்தமும் தப்பாகும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல இடங்களில் ஜெயித்தவருக்கே எல்லாம். 2016 தென் கரோலினாவில் டிரம்புக்கு 32.5 சதவீதம்தான். ரூபியோ, க்ரூஸ் இருவருக்கும் 22 சொச்சம். டெலிகேட் 50-ம் டிரம்புக்கு. மார்ச் 15-ல் புளோரிடாவில் 99-ம் அவருக்கு. அதே நாளில் ஒஹாயோவின் 66-ம் கேசிக்குக்கு. இங்கே பார்க்க வேண்டியது எதிர்ப்பு ஓட்டு எத்தனை பேரிடம் சிதறுகிறது என்பதை. எதிரிகள் ஒன்றுசேரும் வரை 35 சதவீதக்காரர் ராஜா. சிலசமயம் மாநில மாநாட்டில் ஆள் பிடிக்கும் திறமையும் கணக்கில் வரும்: கொலராடோவில் ஓட்டெடுப்பே வைக்காமல் தேர்வான 34 டெலிகேட்டையும் க்ரூஸ் அணி எடுத்துக்கொண்டது.

படி 8: கூட்டம் அதிகமான போட்டி

ஜனநாயகக் கட்சியில் நாலைந்து பேர் நின்றால் 15 சதவீத வேலிதான் எல்லாம். 2020 நியூ ஹாம்ப்ஷயர்: சாண்டர்ஸ் 26, புட்டிஜெஜ் 24, குளோபுச்சார் 20, வாரன் 9, பைடன் 8. டெலிகேட் 9, 9, 6, பூஜ்யம், பூஜ்யம். வேலிக்குக் கீழே விழுந்த ஓட்டெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு இலவசமாகப் பிரிந்துபோகிறது. ஆகவே இப்படிப்பட்ட போட்டியில் 14-க்கும் 16-க்கும் இருக்கும் வித்தியாசம், 24-க்கும் 26-க்கும் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. அடுத்த கேள்வி யார் எப்போது விலகுவார் என்பது. அந்தப் பட்டியலில் கடைசியில் இருந்த பைடன் பிப்ரவரி 29-ல் தென் கரோலினாவில் ஜெயித்தார். புட்டிஜெஜும் குளோபுச்சாரும் உடனே விலகினார்கள். மூன்றாம் நாள் சூப்பர் செவ்வாயில் ஆட்டம் தலைகீழ். இதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்குப் பக்கத்திலும் "இவர் போனால் இவருடைய ஓட்டு யாருக்கு" என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: முடிவு வரும் இரவு

ஓட்டெடுப்புக்கு முந்தின நாளே உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். ஜெயிப்பது யார் என்பதோடு நிறுத்தாமல், டெலிகேட் வித்தியாசம் எத்தனை, எவ்வளவு நிச்சயம் என்பதையும் எழுதுங்கள். பத்துக்கு ஏழு என்று எழுதிய கணிப்புகளில் பத்தில் ஏழு பலிக்கிறதா என்று சீசன் முடிவில் சரிபாருங்கள். எல்லாமே பலித்தால் நீங்கள் தேவைக்கு மேல் தயங்குகிறீர்கள் என்று பொருள்.

முடிவு வரத் தொடங்கியதும் மாநில சதவீதம் வேண்டாம். எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எண்ணப்பட்டது, எது பாக்கி என்று பாருங்கள். பெரிய நகரங்கள் பெரும்பாலும் தாமதமாக வரும். வெற்றி உரையைக் கேட்டுத் தாளில் கை வைக்காதீர்கள். 2020 பிப்ரவரி 3 ஐயோவா காக்கஸில் முடிவு அனுப்பும் செயலி சொதப்பியது. ஆளுக்கொரு வெற்றி உரை நிகழ்த்திவிட்டுப் போனார்கள். சாண்டர்ஸுக்கு ஓட்டு அதிகம், புட்டிஜெஜுக்கு டெலிகேட் அதிகம், 14-12. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்கவே இல்லை. அந்த மாதிரி இரவில் தாளில் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு, மீதியுள்ள மாநிலங்களுக்கு இரண்டு விதமாகவும் கணக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம்.